தூளாய்ப் போன ஆறாவது பலகை

கந்தவேல் திருடினான் என்று சொல்கிறவர்கள் முதலில் அந்தப் பலகையைக் கொண்டுவந்து காட்டட்டும். ஆறடிப் பலகை என்ன, மடியில் கட்டிக்கொண்டு போகிற வெற்றிலையா? ராசிபுரம் கடைவீதியில், பட்டப்பகலில், ஒருத்தர் கண்ணிலும் படாமல் தூக்கிப்போய்க் கட்டிலுக்குச் சட்டம் போட்டுவிட்டானாம். எதிர்வீட்டுப் பெருமாயி கிணற்றடியில் நின்று சொன்னாள். கட்டிலே இல்லாத வீடு அது! கோரைப்பாயில் படுத்து எழுகிற குடும்பம்.

நடந்தது இதுதான். கந்தவேல் தறிக்காரன். நெசவு படுத்துப்போன வருஷத்தில் மேட்டூருக்கு அணை வேலைக்குப் போனான். அங்கே மரம் அறுக்கிற மிசினில் நிறுத்தினார்கள். அணை கட்டி முடிந்ததும் ஊருக்கே திரும்பி வந்து, பாலசுந்தரம் புதிதாக வைத்த மர மில்லில் சேர்ந்தான். ஆயில் எஞ்சினில் ஓடுகிற மேசை ரம்பத்தை ஊர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது. வருகிறவன் எல்லாம் கேள்வி கேட்பான். கந்தவேலும் சலிக்காமல் சொல்லுவான்.

“ரம்பம் நகராதுங்க, மரத்தைத்தான் நாம தள்ளோணும். பக்கத்துல நிக்குது பாருங்க, அது ஓரக்கட்டை. அதை ஒட்டிப் போனாத்தான் பலகை ஒரே கனமா வரும். பின்னால இருக்கற இரும்பு ஆப்பு, அறுத்த மரம் மறுபடி ஒட்டிப் பல்லைக் கவ்வாம இருக்கறதுக்கு. கவ்விச்சுன்னா மரம் திரும்பி வந்து நெஞ்சுல உதைக்கும்.”

“மாடு உதைக்கும், கழுதை உதைக்கும். மரம் உதைக்குமாக்கும்!” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். காது கொடுத்துக் கேட்டவன் ஒருவனும் இல்லை. கேட்டிருந்தால் இந்தப் பழி வந்திருக்குமா?

அப்புசாமிக் கவுண்டர் பழைய வீட்டைப் பிரித்துவிட்டுப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசற்கதவு முழுவதும் ஒரே மரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேற்று மரம் ஒரு துண்டு சேர்ந்தாலும் குடும்பம் பிரியும் என்பார்கள். தோட்டத்து வாகையை வெட்டி, ஆறங்குலக் கனத்துக்குச் செதுக்கி, மில்லில் இறக்கிவிட்டுப் போனார். அங்குலப் பலகையாக அறுக்கச் சொன்னார். மறுநாள் வந்து எண்ணினால் ஐந்துதான் இருந்தது.

“ஏப்பா கந்தவேலு, ஆறாவது பலகை எங்க?”

“தூளாப் போயிருச்சுங்க கவுண்டரே.”

“தூளு போகும். பலகையே போகுமா? என்னைய என்ன கேனயன்னு நெனச்சியா?”

அங்குலத்துக்கு எட்டு நூல். ரம்பத் தகடு ஒரு நூல் கனம்தான். ஆனால் தகடு மரத்துக்குள் இறுகாமல் ஓட, பல்லை ஒன்று இடமும் ஒன்று வலமுமாக மடக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பல் விலக்கு என்று பெயர். அதனால் அறுப்பு வாய் இரண்டு நூல் ஆகிவிடும். ஐந்து பலகைக்கு நாற்பது நூல், நாலு அறுப்புக்கு எட்டு நூல். ஆக நாற்பத்தெட்டு நூல், ஆறங்குலம் அங்கேயே தீர்ந்தது. இதைத் தரையில் கோடு போட்டுக் காட்டினான். கவுண்டர் கோட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார். அந்தத் தூளும் அங்கே இல்லை. மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்குப் புகை போட, கூடை கூடையாக வாரிக்கொண்டு போனவள் யார்? அதே பெருமாயிதான்!

மூன்றே நாளில் ஊர் முழுக்கப் பேச்சு. அவன் பெண்டாட்டி முத்தாயம்மாள் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

“நான் போனா கெணத்துக் கவுத்தை எடுத்து வெச்சுக்கறாளுங்க. திருடன் ஊட்டுக் கையி படக்கூடாதாமா. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“தூளாப் போச்சுன்னு சொல்லு.”

“சொன்னனே! அதுக்குத்தான் சிரிக்கறாளுங்க.”

அடுத்த நாள் கவுண்டர் வண்டியில் சாட்சியே கொண்டுவந்து இறக்கினார். அவருடைய அப்பா போட்ட பழைய வாசற்கதவு.

“பாத்துக்க. இதுவும் ஆறங்குல மரந்தான். பள்ளந் தோண்டி, மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் நின்னு இழுத்த கைரம்பம். முழுசா ஆறு பலகை. அந்தக் காலத்து ஆளுக்கு வந்த கணக்கு உனக்கு வரலயாக்கும்?”

கந்தவேல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கத் தெரியாத மனுஷன். அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பலகையாக வைத்தான். ஆறும் ஆறரை நூல். இழைப்புளியில் சீவினதில் அரை நூல் போயிருக்கும் என்று விட்டுக்கொடுத்தாலும் ஏழுதான் வருகிறது. கைரம்பக்காரர்கள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பலகைக்கு ஒரு நூல் குறைத்தே அறுத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாக யாரும் அளந்து பார்க்கவில்லை.

“இதுல எதுவுமே அங்குலப் பலகை இல்லீங்க. ஏழு நூலுதான்.”

கவுண்டருக்கு முகம் கறுத்துப் போயிற்று.

“என்ற அப்பன் போட்ட கதவையே கொறை சொல்றயா? பலகையத் திருடுனது பத்தாதுன்னு இது வேறயா!”

பாருங்கள், மெய்யை அளந்து காட்டினதற்குக் கிடைத்த மரியாதை! கவுண்டர் நாளை வருவதாக உறுமிவிட்டுப் போனதும் பாலசுந்தரம் கந்தவேலைத் தனியே கூப்பிட்டார். மில்லுக்கு வருகிற மரத்தில் பாதி கவுண்டர் சொந்தபந்தங்களுடையது. அவருக்கு அந்தக் கவலை.

“அடுக்குல வாகை ஒண்ணு கெடக்குது. அதை ஒரு பலகை அறுத்துக் குடுத்துரலாம். தப்பா வேற அடுக்குல வெச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. பேச்சு அடங்கிரும்.”

“அது வேற மரமுங்க.”

“வாகைக்கும் வாகைக்கும் அவருக்கு என்ன தெரியப்போகுது?”

“அவருக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்களே. அவங்க வழக்கத்துல அது ஆவாது. நாளைக்கு அந்த ஊட்டுல ஒண்ணுன்னா நான் எப்பிடிங்க அவங்க மூஞ்சில முழிக்கறது?”

“உன்னையத் திருடன்னு சொன்ன ஆளுக்கா இத்தனை யோசனை?”

“நெசமாத் திருடலீங்க. இதைச் செஞ்சா நெசமாயிருமுங்க.”

“அப்ப வேலை இல்ல, போ. ஆனா போனா, பயந்து ஓடிட்டான்னுதான் ஊரு பேசும்.”

“இருந்தாலும் பேசறாங்க.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கந்தவேல் பெல்ட்டைத் தள்ளி ரம்பத்தை நிறுத்தினான். பல் அசைவற்று நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றான். சுழல்கிற ரம்பத்தை விட்டுப் போகிற பழக்கம் அவனுக்கு இல்லை. கவுண்டருடைய ஐந்து பலகையையும் சேர்த்துக் கட்டி, மழை படாத மூலையில் சாய்த்து வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். வாசலில் பெருமாயி காலிக் கூடையோடு தூளுக்குக் காத்திருந்தாள்.

“இன்னைக்குத் தூளு இல்லீங்களா?”

அவன் அந்தக் காலிக் கூடையைத் தாண்டி வெளியே நடந்தான்.