முடிச்சுப் போடாத மப்ளர்

கடைக்காரர் இன்று பிரித்த கம்பளி நூல்கண்டில் பாச்சை உருண்டை வாசம் அடித்ததும், இராஜபாளையத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த, இப்போது தடமே தெரியாத தையல் கொட்டகைக்குள் மனசு போய்விட்டது. மதிய வெயிலில் தகரக் கூரை படபடவென்று தெறிக்க, டீச்சரம்மா கொக்கி ஊசியால் சங்கிலிப் பின்னல் சொல்லித் தருவார். கடைசி முடிச்சுக்கு வருவதற்குள் நான் பெரியவளாகி, படிப்பு நின்றது.

அண்ணன் பட்டாளத்துக்குப் போகிறான், அங்கே குளிருமாம் என்றதும், மிச்ச நூலில் அவசர அவசரமாக மப்ளர் பின்னினேன். முடிக்கத்தான் தெரியவில்லை. கேட்கலாமென்றால் டீச்சரம்மாவும் மாற்றலாகிப் போயிருந்தார். கடைசிக் கண்ணி திறந்தே நின்றது. நுனியை இழுத்தால் வரிசை வரிசையாக மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

ஸ்டேஷனில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அண்ணன் சிரித்தான். "ஏட்டி, வாலு வேற வச்சிருக்க! என்னையக் கொரங்குன்னே முடிவு பண்ணிட்டியா?"

"அத மட்டும் இழுத்துராதண்ணே."

"இழுத்தா என்னட்டி ஆவும்?"

சொல்வதற்குள் விசில் ஊத, அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ரயில் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவன் என்னைப் பார்த்தபடியே அந்த நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தான். வேண்டாம், வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து, அவனும் மறு கையை ஆட்டிக்கொண்டே போனான்.