சத்திரத்தில் உட்கார்ந்திருந்த ஏனுங்க

மழைக்காலம் வந்துவிட்டால் போர்வெல் போடுகிற எங்கள் ரிக் லாரிகளுக்கு வேலை கிடையாது. சத்தீஸ்கர் பக்கம் போர் போட்டுப் போட்டு அலுத்து, திருச்செங்கோட்டில் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று வந்தால், என் சம்சாரம் சரிதா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ராட்சசர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பகலில் ரிக் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவள். பிட்டு, ராடு, ஹோஸ் எதிலும் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் இதில் உட்கார்ந்துவிடுவாள். லேப்டாப் அவள் அக்கா மகள் மதுமதிக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. வேலை கிடைத்துப் போகும்போது, உள்ளே இருந்த இந்த ஆட்டத்தோடு சித்தி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டம் என்றால் இந்தக் காலத்துப் பையன்கள் சுட்டுத் தள்ளுகிற மாதிரி இல்லை. கட்டம் கட்டமாகப் படம், பக்கம் பக்கமாக எழுத்து. ஆறு பேர் கொண்ட கூட்டம் பாதாளத்துக்குள் இறங்க வேண்டும். ராட்சசன் எதிரில் வந்தால் முதலில் நம் ஆட்கள் அடிப்பார்கள், அப்புறம் அவன் அடிப்பான். நம் முறை வந்து நாம் பொத்தானை அமுக்கும்வரை அவன் கையை ஓங்கியபடியே நிற்பான். இவள் பாட்டுக்கு எழுந்து போய் தோசை சுட்டுக்கொண்டு வருவாள்.

"ஏம் புள்ள, அவன் கத்தியத் தூக்கிட்டு நிக்கறான், நீ சட்னி அரைக்கற?"

"நிக்கட்டுமுங்க. நம்ம முறை வந்தா அது நம்மள அவசரப்படுத்தாது. இந்த ஊட்டுல வேற எது அப்படி இருக்குது?"

நான் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தோசைக்கு உட்கார்ந்தேன்.

ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, ஏனுங்க!" என்று அலறினாள். தலையெல்லாம் சோப்பு. கேஸ்தான் வெடித்துவிட்டதோ என்று துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன்.

"உங்களக் கூப்பிடலீங்க. இவரச் சொன்னேன்" என்று திரையைக் காட்டினாள்.

விஷயம் என்னவென்றால், கூட்டத் தலைவனுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி ஆட்டம் கேட்டிருக்கிறது. இவளுக்கு என்னை வைக்க ஆசை. ஆனால் ரேஷன் கடையில்கூட என் பெயரைச் சொல்லாமல் கார்டை நீட்டுகிறவள், ஜெயபிரகாஷ் என்று அடிப்பாளா? அடித்தாலும் அவ்வளவு நீளத்துக்கு அதில் இடம் கிடையாது. ஆறே எழுத்து. 'ஏனுங்க' என்பதை இங்கிலீஷில் அடித்தால் கச்சிதமாக ஆறு எழுத்து வருகிறது. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ஏனுங்க. அவள் வாயைத் திறந்தால் நான் திரும்பிப் பார்ப்பதும், "உங்களயில்லீங்க" என்று அவள் சொல்வதும், ச்சே, மனுஷன் பிழைப்பா இது!

சரி, என் பெயரில் ஒரு தலைவன் இருக்கிறானே, எப்படிச் சண்டை போடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளையே காணோம். மற்றவர்கள் எல்லாம் பாதாளத்தில் அடிபட்டு உதைபட்டுத் தேறி எங்கேயோ போய்விட்டார்கள். ஏனுங்க மட்டும் ஊர்ச் சத்திரத்தில் தங்கக் கவசத்தை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைப்பூச்சியைக்கூட அடித்ததில்லை.

"இவனுக்கு எதுக்கு இத்தன கவசம்? சத்திரத்துல மூட்டப்பூச்சி கடிச்சிரும்னா?"

"அவரு அங்கயே இருக்கட்டுமுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போன நடையில் கம்ப்ரஷர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு தோளில் அடித்து, இன்றைக்கும் வலது கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. அப்படியும் அடுத்த நடைக்குப் போகத் தயாராக இருக்கிறேன். என்னைப் போய்ச் சத்திரத்தில் உட்கார வைப்பதா? லேப்டாப்பைப் பிடுங்கி, ஏனுங்கவைக் கூட்டத்தில் சேர்த்துப் பாதாளத்துக்குள் இறக்கினேன்.

"ரெண்டு அடுக்கு போதும், மேல வந்துருங்க" என்றாள்.

நான் டிரில்லர். மண் ஈரமாக வரும்போது நிறுத்துகிற டிரில்லரை எங்கள் ஊரில் எவனும் மதிக்க மாட்டான். இன்னும் ஒரு ராடு இறக்கு, இன்னும் ஒரு ராடு என்றே வளர்ந்த கை. இன்னும் ஒரு அடுக்கு, இன்னும் ஒரு அடுக்கு என்று இறங்கினேன். அவள் "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஓர் எலும்புக்கூடு வந்தது. ஒரே அடி.

ஏனுங்க செத்துவிட்டார் என்று திரையில் எழுத்து விழுந்தது.

சரிதாவின் கை தாலிக்கொடிக்குப் போனது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"என்ன பண்ணிப்போட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனில்ல! மேல வாங்க, மேல வாங்கன்னு தொண்ட கிழியக் கத்தினனில்ல! எந்திரிங்க அக்கட்ட!"

இந்த ஆட்டத்தில் நடந்தது நடந்ததுதானாம். பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க முடியாதாம். செத்தவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து கோயிலில் கொடுத்தால் எழுப்பிப் பார்ப்பார்களாம். தவறினால் சாம்பல், அதோடு சரி. மற்ற ஐந்து பேரின் கத்தி, கேடயம் எல்லாவற்றையும் விற்றுக் காணிக்கை கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். ஏனுங்க எழுந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவரை மறுபடி சத்திரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"தலைவன் இல்லாம கடைசி ராட்சசன அடிக்க முடியாதுன்னு மதுமதி சொன்னாளே? அப்ப ஆட்டம் எப்படி முடியும்?"

"முடியாட்டிப் போகுது."

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவைகூட அவள் என்னைப் போகாதீங்க என்று சொன்னதில்லை. லாரி கிளம்பும் நாள் தெரிந்ததும் முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து, பையை வாசலில் வைத்துவிடுவாள். இந்த வருடமும் மழை விட்டதும் ரிக் ஓனர் சின்னுசாமி போனில் கூப்பிட்டார். வியாழக்கிழமை வண்டி கிளம்புகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன், தயாராக இரு என்றார். முறுக்கு சுடுகிற வாசனையே வரவில்லை. கேட்டால் எரிந்து விழுவாளோ என்று நானே அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்றாள் பின்னாலிருந்து. "இந்தத் தடவ ஊட்டுலயே இருந்துக்கங்களேன்."

எனக்கு எரிச்சல் மண்டிவிட்டது. "அதான் சத்திரத்துல உக்கார வெச்சுப்போட்டயே, இன்னும் என்ன அவன்கிட்டக் கெஞ்சிக்கிட்டு?" என்று திரும்பினேன்.

லேப்டாப் மேசைமேல் மூடிக் கிடந்தது. அதன்மேல் துவைத்த துணியை மடித்து அடுக்கியிருந்தாள். அவள் கதவோரம் நின்று என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. சின்னுசாமி. அவள் அவசரப்படுத்தவில்லை. நின்றாள்.

"அண்ணா, இந்த நட நான் வரலீங்க. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். அதற்குச் சின்னுசாமி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.