ஈக்களை எண்ணச் சொன்ன மேடம்

செய்தி வந்தபோது நான் கோழிக் கொட்டகையில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் யாழினி சென்னையில் இருந்து கூப்பிட்டாள். காலை ஒன்பது மணி அவள் பஸ் பிடிக்க ஓடுகிற நேரம். அப்போது கூப்பிட மாட்டாள்.

"அப்பா, தேன்மொழி மேடம் போயிட்டாங்கப்பா."

"எங்க போனாங்க சாமி?" என்று கேட்டேன். என் புத்தி எப்போதும் ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கும். அவள் மூக்கை உறிஞ்சிய பிறகுதான் விளங்கியது. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

மேடம் பாடம் நடத்திய பல்கலைக்கழகத் துறையின் மாணவர்கள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். ஆள் மாறிக் கேட்கிறார்களோ என்று இரண்டு முறை விசாரித்துக்கொண்டேன். பத்தாவது தேறியவன், பன்னிரண்டாவதில் தேறாதவன். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய முட்டைகளைப் பார்த்துத்தான் அப்பா கோழிப்பண்ணை வைத்துக் கொடுத்தார் என்று என் வீட்டுக்காரி சரசு இன்றைக்கும் சொல்வாள். இந்த மலரைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் மேடத்திடம் படித்தவர்கள். நான் அவரிடம் மாட்டிக்கொண்டவன். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

யாழினி எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது, நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் பொதுமக்களின் ஒரு கஷ்டத்தை ஆராய்ந்து, அதற்கு ஒரு தீர்வை எழுதி, கலெக்டர் ஆபீசில் அதிகாரிகள் முன்னால் வைக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். நாட்டில் வேறு கஷ்டமே இல்லாததுபோல, நான் பெற்ற மகள் ஈத்தொல்லையை எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஈ எங்கிருந்து வருகிறது என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். என் பண்ணையில் இருந்துதான்.

மேடம் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாணவர்கள் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். பண்ணைகளுக்கு அபராதம், கடும் சட்டம், மருந்து தெளிப்பு, விழிப்புணர்வு முகாம். மேடம் கெங்கவல்லிப் பக்கத்துக்காரர். பேச்சில் எங்களைப் போல வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' விழாது. அதனாலேயே முதலில் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்னு பதினோரு இடத்துல எழுதியிருக்கீங்க. அரசுன்னா யாரு? நாளைக்குக் காலைல எழுந்திரிச்சு இதைச் செய்யப்போற ஆளோட பேரு என்ன?"

நாலு பேரும் தாளைப் புரட்டிப் பெயரைத் தேடினார்கள்.

"பேரு தெரியலைன்னா இது தீர்வு இல்ல. ஆசை," என்று தாள்களை மடித்துக் கொடுத்துவிட்டார். நான் உள்ளுக்குள் கைதட்டினேன். அம்மா நம்ம கட்சி என்று நினைத்தேன்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு தயாராக இருந்தது. மேடம் அதை விட்டுவிட்டு, பண்ணைக்குப் பின்னால் காலனியில் இருக்கிற மாராயக்கா வீட்டுக்குப் போனார்; நானும் பின்னாலேயே போனேன். காடு தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிற அந்த அக்கா என்னைவிட மூத்தவர். அன்று வரைக்கும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பட்டப்பகலில் கொசுவலை கட்டியிருந்தது. வலைக்குள் இரண்டு பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் உள்ள போயிருங்கம்மா," என்றார் மாராயக்கா. "வெளிய உக்காந்தா சோத்துல எது கடுகு எது ஈன்னு தெரியாதுங்."

மேடம் தட்டை வாங்கிக்கொண்டு வலைக்குள் புகுந்து பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்தபடியே என்னைக் கேட்டார். "யாழினி அப்பா, நீங்க எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

"டைனிங் டேபிள்ளங்க."

"ஜன்னல்ல கம்பிவலை இருக்கா?"

"இருக்குதுங்க."

என் வீடு காற்றுக்கு முன்னால் இருக்கிறது, மாராயக்கா வீடு காற்றுக்குப் பின்னால். நடந்தால் ஐந்து நிமிடம். இருபது வருஷமாக நான் அந்த ஐந்து நிமிடம் நடந்ததில்லை.

அதன் பிறகுதான் அட்டைகள் வந்தன. உள்ளங்கை அகல வெள்ளை அட்டை. அதைக் காலனி வீடுகளிலும், எங்கள் வீட்டிலும், கொட்டகையிலும் தொங்கவிட்டார்கள். ஈ உட்காரும் இடத்தில் கரும்புள்ளி வைத்துவிட்டுப் போகுமாம். வாரத்துக்கு ஒரு தடவை அட்டையை மாற்றிப் புள்ளிகளை எண்ண வேண்டும். பல்கலைக்கழகம் வரைக்கும் போன பிள்ளைகள் ஈயின் கழிவை எண்ணுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், முதல் வாரக் கணக்கு யாழினியின் நோட்டில் ஏறும் வரைக்கும். மாராயக்கா வீட்டு அட்டையில் வெள்ளையே தெரியவில்லை.

பண்ணைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாளே எல்லாவற்றையும் சரிபண்ணி வைத்துவிடுவான். கால்நடை டாக்டர் வந்தாலும் அப்படித்தான், பேங்க் மேனேஜர் வந்தாலும் அப்படித்தான். அட்டையும் ஒரு மேனேஜர்தானே? யாழினி ஹாஸ்டலுக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கோழிகள் கொத்திக் குடிக்கிற தண்ணீர்க் குழாயில் நிப்பிள் எங்கெல்லாம் சொட்டியதோ அதையெல்லாம் மாற்றினேன். கூண்டுக்கு அடியில் ஊறிக் கிடந்த எருவை அள்ளிக் காட்டில் பரப்பிக் காயவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சரசு மட்டும், "தீபாவளி வர இன்னும் நாள் கெடக்குதுங்களே," என்றாள்.

மூன்றாவது வாரம் புள்ளிகள் பாதியாயின. நான்காவது வாரம் மாராயக்கா வீட்டு அட்டையில் வெள்ளை தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாழினி அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"எல்லாம் போச்சுங்கப்பா. எதனால கொறஞ்சுதுன்னே தெரியல. காத்து மாறிருச்சு, சீசன் முடிஞ்சிருச்சுன்னு எழுதலாம்னு எங்க குழுவுல மத்தவங்க சொல்றாங்க. அப்படி எழுதுனா, இது தானா வருது, தானா போகுதுன்னு ஆபீசர் ஃபைலை மூடிருவாரு. மாராயம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

கலெக்டர் ஆபீசுக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வெயிலுக்குக் கொறஞ்சிருக்கும் சாமி," என்று கூடுதலாக ஒரு பொய்யைச் சேர்த்தேன்.

இரண்டாம் நாள் மேடமே வந்தார். நோய்க்கிருமி உள்ளே போகாமல் இருக்க வாசலில் வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனார். யாழினியும் நானும் பின்னால் போனோம். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூண்டுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எருவை ஒரு பிடி அள்ளி விரலால் நொறுக்கினார். அது தூளாக உதிர்ந்தது. பிறகு தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தார்.

"குழாய் பழசு. நிப்பிள் மட்டும் புதுசா இருக்கே. எப்ப போட்டீங்க?"

"அது... முன்னாடியே போட்டதுங்க."

"எதுக்கு முன்னாடி?"

இந்த மாதிரிக் கேள்வியை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாழினி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள். "எம் மார்க்கு போனாப் போகுது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எருத்தூளைக் கையில் வைத்துக்கொண்டு, புதையல் கிடைத்த மாதிரி கேட்டார். "எந்தக் கிழமை அள்ளினீங்க? முதல்ல எந்த வரிசை? எத்தனை நிப்பிள் மாத்தினீங்க?" நான் சொல்லச் சொல்ல அவரே நோட்டில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு யாழினி பக்கம் திரும்பினார்.

"நாம நாலு மாசம் தேடினதை உங்கப்பா திருட்டுத்தனமா மூணு நாள்ல செஞ்சு காட்டியிருக்காரு. ஈரம் இல்லன்னா புழு இல்ல, புழு இல்லன்னா ஈ இல்ல. ஆனா மறைச்சதையும் எழுதணும். யார் செஞ்சாங்க, எதுக்குப் பயந்து செஞ்சாங்க, எல்லாம் எழுதணும். அது இல்லாம எழுதினா இந்தக் கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன்."

அப்புறம் என்னிடம் சொன்னார். "உங்க சம்மதம் இல்லாம உங்களைப் பத்தி எழுத மாட்டோம். யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு நாள் யோசித்தேன். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள் நான். அதாவது, அப்படி நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள். மகளின் அறிக்கையில் தில்லுமுல்லுக்காரனாக நிற்பதா? நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாலு பிள்ளைகளின் வேலை 'காற்று மாறியது' என்கிற ஒரு வரியில் போய்விடும், மாராயக்கா கொசுவலைக்குள்ளேயே இருப்பார். சரி என்று சொல்லிவிட்டேன். அதோடு நிற்காமல் கலெக்டர் ஆபீசுக்கும் கூடவே போனேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். "அறிக்கையில பன்னண்டாம் பக்கத்துல வர்ற தில்லுமுல்லுக்காரன் நான்தானுங்க," என்றேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் சொன்ன தீர்வில் அபராதம் இல்லை. சனிக்கிழமைதோறும் காலனியில் இருந்து ஒருவர் பண்ணை ஆளோடு சேர்ந்து கூண்டு வரிசைகளை நடந்து பார்ப்பது, சொட்டுகிற இடத்தில் சாக்பீசால் வட்டம் போடுவது, அடுத்த சனிக்கிழமைக்குள் பண்ணைக்காரர் அதைச் சரிசெய்வது. பெயர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று மேடம் முன்கூட்டியே மாராயக்காவிடம் கேட்டிருந்தார். "எனக்குப் படிப்பு இல்லீங்கம்மா, மூக்கு இருக்குது. நான் பாத்துக்கறனுங்," என்றார் அவர். என் கொட்டகைக்குள் வெளியாள் வந்து வட்டம் போடுவதா என்று நான் முறுக்கிக்கொண்டு இருந்ததெல்லாம் தனிக் கதை. முதல் சனிக்கிழமை பதினாறு வட்டம் போட்டார். ஒன்றுகூடப் பொய் வட்டம் இல்லை.

அந்தத் திட்டம் மாவட்டம் முழுக்க வரவில்லை. கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் மூன்று பண்ணைகளில் நடக்கிறது. மேடம் ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களை அழைத்து வருவார். "தோத்த இடத்தைக் காட்டுங்க, ஜெயிச்ச இடத்தை அவங்களே பாத்துக்குவாங்க," என்பார். நான் அப்போதும் நல்ல வரிசையைத்தான் முதலில் காட்டுவேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? அவர் நேராகக் கடைசி வரிசைக்கு நடந்துவிடுவார்.

அவரிடம் இருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கே தெரியவில்லை. போன வாரம் தெரிந்தது. மேடம் இல்லாமல் இந்த வருஷ மாணவர்கள் தாங்களாகவே பஸ் ஏறி வந்திருந்தார்கள். வாசலில் அவர்களைக் கண்டதும் சரசு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் ஓடினாள். "இருக்கட்டும், வெச்சிரு," என்றேன். பிள்ளைகளைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனேன். சாக்பீஸ் வட்டம் போட்ட இடத்தில் நிப்பிள் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் எரு கொழகொழவென்று கிடந்தது, புழு நெளிந்தது. ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதை ஏன் சார் இன்னும் மாத்தல?" என்று கேட்டாள்.

"சோம்பேறித்தனமுங்க," என்றேன். "எழுதிக்குங்க."