டீக்கடையில் நடந்த செக்

பிள்ளைகளா, இங்கிலீஷ் பாடத்தில் வந்த 'செக்' என்ற சொல்லுக்கு நேற்று அர்த்தம் கேட்டீர்கள். சரிபார்ப்பது என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு அது போதும். நான் எட்டாவதோடு நின்றவன். அந்தச் சொல்லை ராஜபாளையத்தில் மில் வாசலில்தான் படித்தேன்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது வாட்ச்மேன் கையைத் தூக்கச் சொல்லி, அக்குளிலிருந்து கணுக்கால்வரை தடவுவார். தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார். அது ஒரு செக். இன்னொன்றில் யாரும் நம்மைத் தொடமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மழை உண்டா, பஸ் வந்ததா என்று பேசுவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் நம்மைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தது தெரியும்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஷிஃப்டில் நூல் சுற்றிய கோன்கள் காணாமல் போயிருந்தன. நிர்வாகம் வெளியிலிருந்து ஆள் வைத்து விசாரிக்கிறது என்று பேச்சு. கூட வேலை பார்த்தவன் சாப்பிட்டியா என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறான் என்று யோசித்தேன்.

அந்த வாரம் மில்லுக்கு எதிர்த்த டீக்கடையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்து என் பெயரையும் ஊரையும் சொல்லி என்னிடமே கேட்டார்.

"செட்டியார்பட்டிப் பையன், ஸ்பின்னிங்ல இருக்கானாம். தெரியுமா தம்பி? ஆளு கைசுத்தமா?"

கைசுத்தம் என்றதும் காணாமல் போன கோன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. "அவனா அண்ணாச்சி? அவன் வேலைய விட்டுப் போயி மாசமாச்சே" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாலு நாள் கழித்துக் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்து கத்தினார். எனக்குப் பேசியிருந்த பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுடைய தாய்மாமா மில்லுக்கு எதிர்த்த டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பையன் வேலையிலேயே இல்லை, பொய் சொல்லிப் பெண் கேட்கிறார்கள் என்று பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்தான் உங்கள் அம்மா. கோயிலில் வைத்து ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதற்குமேல் வேறு யாரையும் கட்ட எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்த தாய்மாமாவிடம், அந்தப் பையன் நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைய விட்டுப் போன ஆளா வந்திருக்கீரு?"

கோன் காணாமல் போனதையும், அவரை நிர்வாகத்து ஆள் என்று நினைத்ததையும் சொன்னேன். அவர் இரங்கவில்லை. திருடாதவனுக்கு எதற்குப் பயம் என்று கேட்டார். திருடாதவனையும்தான் தடவிப் பார்க்கிறார்கள் என்றேன்.

"முன்னபின்ன தெரியாத என்கிட்டயே இம்புட்டுப் பொய். எங்க பிள்ளகிட்ட எம்புட்டு சொல்லுவீரு?"

"பயந்தாத்தான் பொய் வருது அண்ணாச்சி. உங்க பிள்ள என்னயப் பயமுறுத்தாம இருந்தாச் சரி."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுபடி விசாரிப்பேன், இந்தத் தடவை உமக்குத் தெரியாமல், என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

தெருமுனைவரை நடந்தேன். உண்மையிலேயே விசாரிப்பாரா, விரட்டுவதற்குச் சொன்னாரா என்று பிடிபடவில்லை. விசாரித்தாலும், இன்னும் ஒருவன் என்னைப்போலப் பயந்து உளறினால்? சட்டைப் பையிலிருந்த காகிதத்தில் என் டோக்கன் நம்பர், ஷிஃப்ட் நேரம், வேலை வாங்கும் மேஸ்திரியின் வீடு இருக்கும் தெரு எல்லாம் எழுதினேன். திரும்பிப் போய், சத்தம் வராமல், சாத்தியிருந்த கதவுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டேன்.