மழைக்கு ஒதுங்கிய கடைசி வாங்கு

டெல்மா மிஸ் இன்று காலை எங்களை விட்டுப் போய்விட்டார்... டியூஷன் குரூப்பில் இப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் எடுத்தவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார்.

என் மகள் துஷி அங்கே படித்தாள். நான் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்கிற அப்பாமாரில் ஒருவன்.

ஒருநாள் நல்ல மழை. மிஸ் கதவைத் திறந்து, "துஷிட அப்பா, நனையாம உள்ளுக்கு வந்து இருங்க" என்றார். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் கடைசி வாங்கில் போய் இருந்தேன். பிறகு மழை இல்லாத நாளிலும் அங்கேதான்!

மிஸ் "கோ, வென்ட், கோன்" என்று பாடமாக்க விடமாட்டார். எழும்பி நின்று நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். பிழை விட்டால் வகுப்பே திருத்தும்.

கடைசி வாங்கையும் விடவில்லை.

"யெஸ்டடே ஐ கோ மருதானை. ஐ பை ஒன் ஃபேன் மோட்டர்..."

"வென்ட், அங்கிள்! போட், அங்கிள்!"

முழு வகுப்பும் கத்தும். துஷி மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து இல்லாத பென்சிலைத் தேடுவாள்.

ஸ்கூல் மீட்டிங் என்றாலும், "அப்பா வரவேணாம், அம்மா வரட்டும்" என்பாள். ஓ/எல் சோதனையில் இங்கிலிஷைக் கோட்டை விட்டு, ஃபேன் திருத்துகிற ஆளுக்கு அவ்வளவுதான் மரியாதை...

ஆனாலும் ஒருதரமாவது போய், மகளைப் பற்றி நானே இங்கிலிஷில் கதைக்க ஆசை. மிஸ்ஸிடம் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் நிற்கவைத்துச் சொல்லிப் பழக்கினார்.

அடுத்த மீட்டிங்குக்கு அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று மனிசியிடம் கெஞ்சி, காலுக்குச் சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். பிரின்சிபல் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் தொடங்கிவிட்டார்!

நேரே டியூஷனுக்கு வந்து முறைப்பட்டேன். "மிஸ், அவ தமிழ்ல கதைச்சுப்போட்டா..."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, அதில் கைகட்டி இருந்தார்.

"இப்ப நான்தான் பிரின்சிபல். சொல்லுங்க."

சொன்னேன். மகள் எப்படிப் படித்தாள், இப்போது எப்படிப் படிக்கிறாள், இனி என்ன படிக்க வைக்கப்போகிறேன்... முழுவதும்.

நடுவில் ஒரு பிழை. "அப்பா, வென்ட்!" என்று ஒரு சத்தம்.

அங்கிள் இல்லை... அப்பா. பென்சில் தேடாமல், நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் அடக்கம். இரத்மலானையில் வேலை செய்கிற துஷி கோல் எடுத்தாள். "அப்பா, நான் லீவு போட்டுட்டன். உங்களோடதான் வருவன்."

நிம்மதியாகப் போங்க மிஸ். நாளைக்குச் சேர்ச்சிலும் கடைசி வாங்கில்தான் இருப்பேன்... கூப்பிட்டால் எழும்பிச் சொல்லுவேன்.