எட்டாவது பெயர்

தேவனை நான்தான் கொன்றேன்.

விபத்து என்று கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்புக்கு வாக்குமூலம் கொடுத்தவனே நான்தான்! நீங்கள் அதை நம்பாதீர்கள்.

மலேசியாவில் லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன் அங்கேயே கணக்கெழுதும் கிராணி. ஆபத்து வந்தால் யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைப்பது என் வேலை. ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் போட வேண்டும். எண் பெரிதானால் ஏதாவது செய்தாக வேண்டும்.

எங்கள் ஆலையில் சங்கு ஊதினால் ஆட்கள் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அப்பன் காலத்திலிருந்து கால்கள் பழகிய இடம். அதற்கு நேரெதிரே, இருபது அடி தள்ளி, பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலனின் இரும்புக் கதவு!

எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் பிரதியில் நானே எழுதினேன்: ‘சங்கு ஊதினால் பழக்கத்தில் இங்கேதான் கூடுவார்கள். கதவு தெறித்தால் உயிர்ச்சேதம். ஐந்து.’

மறுநாள் அதை அழித்து இரண்டு என்று போட்டேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஐந்து என்றால் ஆலையை அரை நாள் நிறுத்தி, எல்லோரையும் திடல்வரை ஓடவைத்துப் பழக்க வேண்டும். அதற்காக மேனேஜர் முன் போய் நிற்க வேண்டும். சோம்பலா, பயமா... இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

திடல்தான், எங்கள் பேச்சில் பாடாங்குதான், கூடும் இடம் என்று திட்டத்தில் எழுதினேன். ஒத்திகை நடத்தியதாகவும் எழுதினேன். சாட்சிக்கு ஒரு படம் வேண்டுமே! காலைப் பெரட்டில் நின்றவர்களைக் கைப்பேசியில் பிடித்து, பின்னால் இருந்த கதவு தெரியாதபடி வெட்டினேன். முன்வரிசையில் லோடர் ஓட்டும் தேவன்.

“என்னாண்ணே, காலங்காத்தால போட்டோ? சிரிக்கணுமா லா?”

“சிரிடா.”

சிரித்தான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணி இருக்கும். கதவின் விளிம்பில் நீராவி சீறியது. கலனைப் பார்த்துக்கொள்பவர் சங்கை அழுத்திவிட்டு ஓடினார். ஆட்கள் ஓடி வந்தார்கள்... நேராகப் பெரட்டுக்களத்துக்கு! வரிசை கட்டி நின்றார்கள்!

மேனேஜர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “இங்க ஏன்யா நிக்கிறானுங்க? பாடாங்குக்குத்தானே போவணும்? டிரில் செஞ்சீங்கதானே?”

ஓடுங்கடா! அந்த ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஒத்திகை பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“இங்க பேர் கூப்பிட்டுட்டுத்தான் சார் பாடாங்குக்குக் கூட்டிட்டுப் போவோம். டிரில்லயும் அப்படித்தான்.”

அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட ஓடினார். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டாமா? களத்தோரம் நின்ற லாரியை ஒட்டி நின்று பட்டியலை விரித்தேன். இரண்டு பேர் கதவைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

“நில்லுங்கடா! பேர் கூப்பிடுறேன்ல!”

அதட்டினேன்... நான்தான் அதட்டினேன்! நின்றார்கள்.

ஏழு பெயர் கூப்பிட்டேன். எட்டாவது, தேவன்.

“இருக்கேண்ணே!”

கதவு தெறித்தது.

சத்தம் நினைவில்லை. எல்லாம் வெள்ளை. வெந்த குலைகள் பாறாங்கற்களாகப் பாய்ந்தன. லாரி என்னை மறைத்தது. வெள்ளை கலைந்தபோது கதவுப் பக்கம் நின்ற வரிசை தரையில் கிடந்தது. ஒருவன் முகத்தைத் துடைத்தான். தோல் கையோடு வந்தது. தேவனின் மார்பு உள்ளே அமுங்கியிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தேன். வெந்த சதை எலும்பை விட்டு என் விரல்களுக்குள் வழுக்கியது. அவன் அலறவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு அதுவும் நின்றது.

விசாரணையில் சொன்னேன்: “பாடாங்குக்குப் போகச் சொல்லிக் கத்தினேன். சங்குச் சத்தத்தில் கேட்கவில்லை.” படத்தை நீட்டினேன். ஒத்திகை அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த மேனேஜர் தரையைப் பார்த்தார். செத்தது தேவன் ஒருவன். பிழைத்த மற்றவர்களுக்கு வேலை வேண்டும், வாயைத் திறக்கவில்லை. ‘பயிற்சி பெற்றிருந்தும் தேவன் விதியை மீறி நின்றார்’ என்று முடிந்தது.

மீறினானா? சொன்ன இடத்தில் நின்றானே பாவி!

அவன் மனைவி செல்வி இப்போது அம்பாங்கானில் தங்கை வீட்டில் இருக்கிறாள். ஒரு நாள் போன் செய்தாள். “அவரு சிரிச்ச படம் ஒன்னுகூட எங்கிட்ட இல்லண்ணே. உங்க டிரில் படத்துல சிரிக்கிறாராமே... அனுப்புங்க லா.”

அனுப்பினேன். தேவனை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்தியிருந்தாள். வருடத் திதிக்கு என்னைக் கூப்பிட்டு, விளக்கை என் கையில் கொடுத்தாள். “நீங்கதாண்ணே ஏத்தணும். கடைசியா அவர தூக்குனது நீங்கதானே.”

திரியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். நான் சரியாக வெட்டவில்லை... தேவனின் காதோரம் துருப்பிடித்த இரும்புக் கதவின் விளிம்பு தெரிந்தது.

செல்வியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது என்னாண்ணே, பின்னால? பாடாங்குல அப்படி ஒன்னும் இல்லியே?”

“சுவரும்மா,” என்றேன்.