தொமிகிக்கு அடித்த அஞ்சலி பேனர்

ராயபுரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் பஷீர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்பேன் என்றாலும் என் கடைக்குச் சோறு போடுவது சாவு பேனர்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டரே சொன்னாலும் தெரு நம்பாது. முனையில் படம் போட்டுப் பேனர் கட்டிய பிறகுதான் நாற்காலி வரும், ஷாமியானா வரும், சனம் வரும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுவார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது மதியைப் பற்றி. இருபத்தேழு வயதுப் பெண். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரித்துக் காட்டுகிறாள். நந்தம்பாக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கன்வென்ஷன் என்று ஒன்று நடக்கிறது. ஜப்பான்காரர்கள் வரைகிற கார்ட்டூன் கதைகளுக்கு நம்மூரில் இருக்கிற ரசிகர்கள், கதையில் வருகிறவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு வந்து கூடுகிற இடம். அந்த நாளுக்காகத்தான் மதி மற்ற நாளெல்லாம் உயிரோடு இருக்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். வேலைவெட்டி இல்லாதவர்களின் கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் தைக்கிற தையலைக் கிட்டப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஏற்றிவிட்டவன் அவளுடைய அண்ணன் தீனா. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். கரைக்குத் திரும்ப நாட்கணக்காகும் என்பதால் போன் நிறையக் கார்ட்டூனை ஏற்றிக்கொண்டு போவான். அதில் ஒரு கதையில் வருகிற தொமிகி என்பவன்தான் அவனுக்கு உயிர். தொமிகி கலங்கரை விளக்கத்தைக் காக்கிறவன். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலக் கோட்டு, கையில் நீளக் கழி, அதன் நுனியில் ஒரு விளக்கு. புயலில் கரை தெரியாமல் தவிக்கிற படகுகளுக்கு வெளிச்சம் காட்டுவான். கடலுக்குப் போகிறவனுக்கு அவனைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் மதிதான் அந்தக் கோட்டைத் தைத்தாள். பொத்தான் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று வலையில் கட்டுகிற மிதவைக் கட்டையை வட்டமாக அறுத்து, பித்தளைப் பெயிண்ட் அடித்துத் தைத்திருந்தாள். விளக்குக் கழியை மெட்ரோவில் விடமாட்டார்கள் என்பதால் மூன்றாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி தீனா செய்துகொண்டான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து அண்ணனும் தங்கையும் போவார்கள். ராயபுரம் என்று சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கிற ஊர் இது. அங்கே எந்த ஏரியா என்று யாரும் கேட்கவில்லையாம். "தொமிகி அண்ணா, ஒரு போட்டோ" என்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். சொல்லும்போது தீனாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் கடலுக்குப் போன படகிலிருந்து தீனா விழுந்துவிட்டான். கூடப் போனவர்கள் தேடினார்கள். கோஸ்ட் கார்டு தேடியது. உடல் கிடைக்கவே இல்லை.

அவன் அம்மா குப்பம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். கிடைக்காத உடலுக்கு அழமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஆந்திரா பக்கம் எங்கியாச்சும் கரயேறிகீறான். வருவான்." அவ்வளவுதான் பேச்சு. காரியம் கிடையாது. பேனர் கிடையாது. உறவுக்காரர் ஒருவர் தெரியாத்தனமாக என்னிடம் பேனருக்குச் சொல்லி வைக்க, குப்பம்மா கடைக்கே வந்து, "பாய், என் புள்ள படத்த அடிச்ச, மெஷினத் தூக்கிக் கடல்ல போட்ருவேன்" என்றார். அவர் போடக்கூடியவர்தான்.

இதில் நசுங்கியவள் மதி. செத்துவிட்டான் என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்லக்கூடாது. அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். வீட்டில் சொல்ல முடியாததை வெளியிலும் சொல்ல வரவில்லை. போன வருஷம் கன்வென்ஷனுக்குத் தனியாகப் போனபோது, "உங்க அண்ணா எங்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "வரல" என்றே சொல்லிவிட்டு வந்தாள். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "பொய் இல்லியே பாய்?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் கதையின் கடைசிப் பகுதியில் தொமிகி செத்துப்போனான். படகுகளைக் காப்பாற்றப் போனவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. சென்னை ரசிகர்களெல்லாம் சேர்ந்து, கன்வென்ஷனில் ஒரு மூலையில் பூ வைத்து அஞ்சலி செலுத்துவது என்று முடிவு செய்தார்கள். நம்மூர் முறைப்படி ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மதியிடம் சொல்லியிருக்கிறார்கள். கார்ட்டூன் படத்தை அப்படியே எடுத்துப் போட்டால் கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான் என்ற பயத்தில், "உங்க அண்ணன் வேஷம் போட்ட போட்டோ போடுங்க, அவரு மாதிரி தொமிகி யாரும் கிடையாது" என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மதி போட்டோவைக் கொண்டுவந்தாள். நீலக் கோட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற தீனா. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தொமிகிக்குத்தான் பாய். பேரும் தொமிகின்னே போடுங்க."

"சரிம்மா" என்றேன். அதற்கு மேல் நோண்டவில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் அவளுக்கும் பூப் போட வேண்டும் அல்லவா? 'இருட்டில் வெளிச்சம் காட்டிய எங்கள் தொமிகிக்குக் கண்ணீர் அஞ்சலி. இவண், சென்னை ரசிகர்கள்.' இதுதான் வாசகம். காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சாவு பேனரைக் கடைக்குள் தங்க விடமாட்டோம், சாவு வீட்டுக்காரர் கையிலும் கொடுக்கமாட்டோம். சுருட்டி ஷட்டருக்கு வெளியே சாய்த்து வைத்துவிடுவோம். விடியும் முன்பே பேனர் கட்டுகிற ராமசுப்பு ஏணியோடு வந்து, வெளியே நிற்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அந்தந்தத் தெருமுனையில் கட்டிவிடுவான். யாரையும் கேட்கமாட்டான். படத்தைப் பார்ப்பான், முகம் தெரிந்தால் தெரு தெரியும். வருஷக்கணக்காக நடக்கிற வேலை. தொமிகியின் பேனரும் சாவு பேனர்தானே என்று அதையும் பழக்கதோஷத்தில் வெளியே சாய்த்துவிட்டுப் போயிருந்தேன்.

காலையில் நான் கடைக்கு வந்தபோது ராமசுப்பு டீக்கடையில் நின்றிருந்தான். "இன்னா பாய், அந்தம்மா கடசீல ஒத்துகிச்சா? தீனாவுது கட்டிட்டேன்" என்றான்.

அவனைத் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. ஓடினேன். அதற்குள் தீனாவின் தெருமுனையில் நாற்காலி போட்டாயிற்று. இரண்டு பேர் மாலையோடு நின்றார்கள். படகுக்காரர்கள் ஐந்தாறு பேர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது தெருவுக்கும் இருந்தது. பெயரை ஒருவரும் படிக்கவில்லை. முகம் தீனாவுடையது, மேலே கண்ணீர் அஞ்சலி என்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மீன் எடுக்கப் போயிருந்த குப்பம்மா அந்த நேரம் பார்த்துக் கூடையோடு திரும்பி வந்தார். கூட்டம் தானாக விலகியது. என் மெஷின் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மதி வீட்டிலிருந்து ஓடிவந்தாள். கன்வென்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், அண்ணனுடைய நீலக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். கை நீளம் என்று மடித்துவிட்டிருந்தாள்.

"ம்மா, இது அண்ணன் இல்லம்மா. கதைல வர்ற ஆளு. பேரப் பாரு, தொமிகின்னு கீது. அவன்தான் செத்தான். தப்பா கட்டிட்டாங்க."

"பேரு அதான் போட்டுகீதா?" என்று குப்பம்மா கெங்கம்மாவைக் கேட்டார். கெங்கம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ராமசுப்பு ஏணியைச் சாய்த்துக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"எறக்காத" என்றார் குப்பம்மா.

கூடையைக் கீழே வைத்தார். பேனருக்குக் கிட்டப் போய், படத்திலிருந்த கோட்டுப் பொத்தானில் கை வைத்தார். பிறகு திரும்பி மதியின் கோட்டிலிருந்த பொத்தானைத் தொட்டார்.

"இது நம்ம வலக்கட்டதான?"

"ஆமாம்மா."

"அப்ப இது என் புள்ளதான. பேர இன்னாத்துக்கு மாத்தி வெச்சிகீற?"

குப்பம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சத்தம் வந்தது. அது அவரிடமிருந்துதான் வந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதி கோட்டோடு தரையில் உட்கார்ந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தெருவே அழுதது. நானும்தான்.

வெயில் ஏறிய பிறகு குப்பம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாய், வேற ஒண்ணு அடி. இதே படம். அவன் பேரப் போடு."

மறைந்த தேதி இல்லாமல் பேனர் அடிக்கக்கூடாது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"ஆடி அமாவாசைக்கு மறுநாள்" என்றார், யோசிக்காமல்.

பிறகு மகளைப் பார்த்து, "இந்தப் பேனர அவுத்து எட்துனு நீ அங்க போ" என்றார். துக்க வீட்டுப் பெண் விழாவுக்குப் போவதா என்று யாரோ முனகினார்கள். "விழாவுக்கா போறா? பூப் போடத்தான போறா" என்றார்.

பேனரைத் தூக்கிக்கொண்டு மதியுடன் நானும் போனேன். அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை. பச்சை முடி, காகித இறக்கை, அட்டைக் கத்தி, முகமூடி. கத்திகளை வாசலில் சோதித்துச் சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். மூலையில் பேனரைக் கட்டியதும் கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கார்ட்டூன் ஆளுக்குத் துக்கம் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். நரி முகமூடி போட்ட ஒருத்தி, "தொமிகி அண்ணா இந்த வருஷமும் வரலையா?" என்று கேட்டாள்.

"இவருதான் தொமிகி" என்றாள் மதி. "எங்க அண்ணன். பேரு தீனா. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடி அமாவாசைக்கு மறுநாள், கடல்ல செத்துட்டாரு."

அந்தப் பெண் முகமூடியைக் கழற்றினாள். பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள். பேச்சு அப்படியே பின்னால் நகர்ந்துபோக, சிரிப்பும் அடங்கியது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து பூப் போட்டார்கள். பலர் தங்கள் போனில் தேடி, தீனாவோடு எடுத்துக்கொண்ட போட்டோவை மதியிடம் காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

மதி கெங்கம்மாவின் போனுக்கு வீடியோ கால் போட்டு, போனை வரிசையின் பக்கம் மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். இறக்கை வைத்தவர்களும் கொம்பு வைத்தவர்களும் அரங்கத்தின் கதவு வரைக்கும் நின்றார்கள்.

அந்தப் பக்கம் குப்பம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இம்மாம் பேரும் என் புள்ளைக்கா வந்துகீறாங்க?" என்றார்.